என் பேரில் மட்டும்

எனக்குக் கணக்குத் தர முடியாது என்பதை வங்கி மேனேஜர் என்னிடம் சொல்லவில்லை. என் அண்ணனிடம் சொன்னார். நான் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். புகைப்படம் ஒட்டிய என் விண்ணப்பம் மேனேஜரின் மேசைமேல் இருந்தது. என் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்க என் பெயரில் ஒரு கணக்குக் கேட்டுத்தான் போயிருந்தோம். ஆனால் அவருடைய குரல் என்னைத் தாண்டி, அண்ணன் இருந்த பக்கமே போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கண் தெரியாது. நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. சிவப்பு எப்படியிருக்கும் என்பது கொஞ்சம் நினைவிருக்கிறது. மற்ற நிறங்கள் எனக்கு வெறும் பெயர்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அதற்காகச் சொல்லவில்லை. இது தெரியாமல் பிறகு நடந்தது எதுவும் விளங்காது.

தொண்ணூறுகளின் நடுவில், கேரளத்தின் தென்கோடியில் காரோடு பக்கம் ஒரு முக்கில் எனக்கு எஸ்.டி.டி. பூத் இருந்தது. ஊனமுற்றோருக்கென்று டெலிபோன் இலாகா அப்போது பூத்துகள் ஒதுக்கிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் விண்ணப்பம் போட்டேன். நேர்காணலில் ஓர் அதிகாரி, நம்பரை எப்படிச் சுழற்றுவாய் என்று கேட்டார். போனை என் பக்கம் தள்ளுங்கள் என்றேன். அவர் சொன்ன நம்பரை அவர் சொல்லி முடிப்பதற்குள் போட்டுக் காட்டினேன். பூத் கிடைத்தது. தையல்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் கண்ணாடிக் கூண்டு, வெளியே ஒரு மேசை. என் நாற்காலி அந்த மேசைக்குப் பின்னால்.

அந்த முக்கில் பாதிப் பேருக்குப் பாரசீக வளைகுடாவில் யாராவது இருந்தார்கள். மீதிப் பேருக்கு நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒருவர் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் எனக்குச் சத்தம் மட்டும் மங்கலாகக் கேட்கும். பேசி முடித்ததும் மிஷின் கிரீச்சென்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும். சீட்டில் இருக்கும் தொகையை நான் பார்க்க முடியாது. அதனால் அவரவர் பில்லை அவரவரே கிழித்து, வாசித்துச் சொல்லிப் பணம் தருவார்கள். சாயங்காலம் மிஷின் அடிக்கும் மொத்தக் கணக்கை அண்ணன் வாசிப்பான். கையிலிருக்கும் பணம் அதோடு பொருந்தும். ஒரு தடவை குறைந்தது. மறுநாள் ஒரு கொத்தனார் வந்து, அவசரத்தில் தப்பாக வாசித்துவிட்டேன் என்று மீதியைத் தந்துவிட்டுப் போனார்.

சம்பாதித்ததெல்லாம் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போனது. அலமாரிச் சாவி அம்மாவின் முந்தானையில். அதிலிருந்து யாரும் திருடவில்லை. எல்லோரும் என்னிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள். கேட்டால் நான் இல்லையென்று சொல்ல மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். கூரைக்கு ஓடு, அண்ணனின் ஆட்டோவுக்கு டயர், மாமா மகளின் கல்யாணத்துக்குச் சேலை. எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருஷம் கழித்து ஒருநாள் டின்னைக் குலுக்கிப் பார்த்தேன். சில்லறைச் சத்தம்தான் கேட்டது. அன்றைக்குத்தான் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதெல்லாம் புதிதாகக் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் நம்மை அறிமுகப்படுத்த வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவர்தான் இருந்தார். திருப்புறத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஓர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் பூத்துக்கு வந்து, துபாயிலிருக்கும் கணவரோடு பேசுவார். அவர் அனுப்பும் டிராப்டை மாற்றுவதற்காகப் பாறசாலைப் பக்கம் ஒரு வங்கியில் அக்காவுக்குக் கணக்கு இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இதுக்கு என்ன மக்கா இப்பிடி இழுக்குத? செவ்வாக்கெழம கடல்ல போக மாட்டாவ. அன்னைக்கு எனக்கும் மீன் இல்ல. நான் வாறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அண்ணனின் ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். வங்கிக்குள் நுழைந்ததும் காற்றாடிச் சத்தமும் முத்திரை குத்தும் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. பழைய நோட்டும் கோந்தும் கலந்த ஒரு மணம். எனக்கு அது பிடித்திருந்தது. நான் என் நல்ல சேலையைக் கட்டியிருந்தேன்.

விண்ணப்பத்தை அண்ணன் நிரப்பினான். அக்கா அறிமுகப் பகுதியில் பெருவிரல் வைத்தார். ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டிய இடத்தில் அண்ணன் என் விரலை வைத்துக் காட்டினான். நான் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கோட்டின் மேல் வைத்து, அதன் விளிம்பையொட்டி என் பெயரைத் தமிழில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் அதற்கென்றே ஒரு டீச்சர் எங்களை உட்காரவைத்துப் பழக்கியிருந்தார். உலகத்தில் எங்கே போனாலும் உன் பெயரை நீ எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்.

எங்களை மேனேஜரின் அறைக்கு அனுப்பினார்கள். அவர் வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர் என்று மலையாளத்திலேயே தெரிந்தது. காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அண்ணனிடம், "இவருக்கு ஒப்பிட அறியாமோ?" என்றார்.

"அவ இஞ்சதான இருக்கா சாரே. அவகிட்ட கேளுங்க" என்றான் அண்ணன்.

அவர் என்னிடம் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். ஒப்பிடச் சொன்னார். இட்டேன். மறுபடியும் சொன்னார். மறுபடியும் இட்டேன். ஒன்று கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, ஒன்றில் கடைசி எழுத்து நீண்டிருக்கிறது என்று அண்ணனிடம் காட்டினார். ஒப்பு மாறினால் பணம் யார் எடுத்தார்கள் என்று வங்கி எப்படித் தெரிந்துகொள்ளும், நாளைக்கு யாராவது இவரை ஏமாற்றினால் யார் பொறுப்பு, என்று விளக்கினார். குரலில் கோபம் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

நான் குறுக்கே பேசினேன். "சார், இந்த அக்காவுக்கு எழுத்து தெரியாது. கைரேகைதான் வைக்காவ. அவங்களுக்கு இதே பேங்கில கணக்கு உண்டு."

முதல்முறையாகக் குரல் என் பக்கம் திரும்பியது. "அவருக்குக் கண் தெரியுமே" என்றார். அவ்வளவுதான். உடனே அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வழி உண்டு, நீங்களும் சேர்ந்து கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள், நீங்களே ஒப்பிட்டுப் போடலாம், எடுக்கலாம், தங்கைக்கும் பாதுகாப்பு, இன்றைக்கே முடித்துத் தருகிறேன், என்றார்.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். பிறகு சொன்னான். "சாரே, இது இவளுக்க பைசா. எனக்க ஆட்டோக்குப் பெட்ரோல் அடிக்கதுக்கே நான் இவகிட்டதான் கேக்கேன். இதுல எனக்க பேரு எதுக்கு?"

அக்கா சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் முடியாது என்றார். நான், தர முடியாது என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுதித் தாருங்கள் என்றேன். எழுதியெல்லாம் தருவதற்கில்லை என்றவர், அண்ணனிடம் ஒன்று சொன்னார். "வெயிலில் இவரை அலைக்க வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இவ்வளவு பார்த்துக்கொள்கிறீர்களே, நல்ல மனசு."

கணக்கு இல்லையென்றதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் உலை கொதிப்பது என் பூத் வருமானத்தில். இவர் என் அண்ணனைப் பாராட்டுகிறார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் இல்லாத நாளிலும் அந்தக் கையில் கடல் மணம் இருக்கும். "அந்த ஆளுக்குப் பயமாக்கும். வேற ஒண்ணும் இல்ல. நீ விடாத" என்றார். நான் அழுவேன் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள் போல. அழுகை வரவில்லை. கன்னமெல்லாம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "அண்ணன் பேரயும் சேத்துப் போட்டா என்ன மக்கா? அவன் ஒன்ன ஏமாத்திருவானா?"

"மாட்டான்" என்றேன்.

"பின்ன?"

"அவன் ஏமாத்த மாட்டான்னு எனக்குத் தெரியும். அந்த பேங்குக்காரருக்கும் தெரியும். அதனாலதான் அவன் பேரக் கேக்காரு. அவனுக்க நல்ல கொணத்த நம்பி எனக்க பைசா இருக்கக் கூடாது."

அம்மாவுக்கு இது விளங்கவில்லை. அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களைக் கரையேற்றியது அம்மா. செங்கல்சூளையில் வேலை பார்த்துத்தான் என்னை விடுதிக்கு அனுப்பினார். அவர் பெயரில் எந்தக் காகிதமும் இருந்ததில்லை. ரேஷன் கார்டில்கூட அண்ணன் பெயர்தான் முதலில். அதனால் நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. பிடிவாதம்தான்.

பூத்துக்கு எதிரே ஒரு டைப்ரைட்டிங் வகுப்பு இருந்தது. பள்ளியில் டைப்பிங் படித்திருந்தேன். அங்கே போய் வங்கியின் திருவனந்தபுரம் வட்டார அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். நீளமாக ஒன்றுமில்லை. நான் யார், என்ன தொழில், எந்தக் கிளையில் என்ன சொன்னார்கள். கண் தெரியாதவர்களுக்குக் கணக்குக் கிடையாது என்று எந்த விதி சொல்கிறது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தப்பிருக்கிறதா என்று வகுப்பு மாஸ்டரை வாசிக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லையென்றார்.

பதில் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. தபால்காரர் என் பூத்தைக் கடந்து போகும் சைக்கிள் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. நிற்காமல் போகும்.

அப்போதுதான் ஒரு காலைநேரம், கூண்டில் ஆள் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஊரிலுள்ளவர்களையெல்லாம் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் இணைத்துக் கொடுக்கிற நான், கடிதத்துக்குப் பதில் வருமென்று காத்துக்கொண்டிருக்கிறேன். என் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தது.

வட்டார அலுவலகத்தின் நம்பரை விசாரித்து வாங்கிப் போட்டேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. அந்த அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். விஷயத்தைச் சொன்னேன். ஒரு பிரிவுக்கு இணைத்தார். அங்கிருந்து வேறொரு பிரிவு. அங்கே, நாளைக்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். நாளைக்குக் கூப்பிட்டேன். அதே ஆபரேட்டர் எடுத்தார். வேறொருவர், அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்றார். அடுத்த வாரமும் கூப்பிட்டேன். ஒவ்வொரு அழைப்புக்கும் என் மிஷின் சீட்டை அடித்தது. மற்றவர்களைப் போலவே நானும் என் பணத்தை மேசை டிராயரில் போட்டேன். தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பிள்ள, ஒனக்கே நீ பில்லு போடுதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்படிக் கொஞ்சநாள் போனபிறகு, ஒருநாள் அந்த ஆபரேட்டர், பொதுவான நம்பருக்குக் கூப்பிட்டுப் பயனில்லை, நேரடி நம்பர்கள் இரண்டு தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முடித்ததும் அவர் உடனே வைக்கவில்லை.

"ஸ்லேட்டிலா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார்.

பிரெயில் எழுத நாங்கள் வைத்திருக்கும் தகட்டுச் சட்டத்துக்கு ஸ்லேட் என்றுதான் பெயர். அதற்குள் தடித்த தாளைச் செருகி, குத்தூசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதுவோம். டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டு அது என்னவென்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்க முடியும், அதே சத்தத்தோடு வளர்ந்தவர்.

"நீங்களும்?" என்றேன்.

"பிறவியிலேயே" என்றார். மலையாளத்தில்தான் பேசினார். நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே ஆரியங்கோடு பக்கம் வீடு, தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன் என்றார். உங்கள் குரலை இத்தனை நாளாகக் கேட்கிறேன், விஷயத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றார். முதலிலிருந்து சொன்னேன். மேனேஜர் என்ன சொன்னார், அண்ணன் என்ன சொன்னான், எல்லாம். நான் முடித்ததும் அவர் சொன்னது இப்போதும் அப்படியே ஞாபகமிருக்கிறது.

"எனக்கு இந்த பேங்கில்தான் கணக்கு. சம்பளம் அதில்தான் விழுகிறது. செக்புக் உண்டு. என் ஒப்பு என் மனைவிக்கே வாசிக்க வராது. ஒரு செக்கூடத் திரும்பினதில்லை."

நான் சிரித்தேன். அத்தனை நாளில் மனசு விட்டுச் சிரித்தது அப்போதுதான். முடிவெடுக்கக்கூடிய அதிகாரி ஒரு பெண்மணி, காலையில் வந்தவுடன் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு, நாளைக்குக் காலையில் கூப்பிடுங்கள், நானே இணைக்கிறேன் என்றார். "என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள். எனக்குப் பயமில்லை" என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் பூத்தைத் திறந்ததும் முதல் அழைப்பு எனக்கு. அந்த அம்மாளின் குரல் வேகமானது. ஆங்கிலமும் மலையாளமும் கலந்து பேசினார். என் கடிதம் வந்திருக்கிறது, பார்த்தேன், கிளை மேனேஜருக்கு வாடிக்கையாளரின் பாதுகாப்பைப் பற்றிக் கவலை இருக்கலாம், அவர் சொன்ன கூட்டுக் கணக்கு நல்ல யோசனைதானே, என்றார்.

"மேடம், இந்த போனை உங்களுக்கு இணைச்சுத் தந்தவருக்கு உங்க பேங்கில தனிக் கணக்கு உண்டு. செக்புக்கும் உண்டு. அவருக்கும் கண் தெரியாது."

"அவர் ஸ்டாஃப்" என்றார்.

"ஸ்டாஃப் ஆனதும் அவருக்குக் கண் வந்துட்டா மேடம்?"

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு அவர் என் பெயரையும் கிளையின் பெயரையும் மறுபடி கேட்டுக்கொண்டார். எழுத்துக்களைச் சொல்லச் சொன்னார். நிதானமாகச் சொன்னேன். "எழுதி அனுப்புகிறேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் தபால்காரரின் சைக்கிள் பூத்து வாசலில் நின்றது. வங்கிக் கிளையிலிருந்து கடிதம். வந்து கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வரி.

இந்த முறை ஆட்டோவை வங்கி வாசலில் நிறுத்தியதும் அண்ணனிடம், நீ வெளியே நில் என்றேன்.

"ஏம்?"

"நீ உள்ள வந்தா அவரு ஒன்கிட்டதான் பேசுவாரு."

அவன் அதை ரசித்தான் என்று அவன் மூச்சிலேயே தெரிந்தது. "செரி. நான் அந்தக் கடைல சாய குடிச்சிட்டு நிக்கேன். பைய வா" என்றான்.

மீன்கார அக்கா மட்டும் முந்தின நாளே வந்து மறுபடி கைரேகை வைத்துவிட்டுப் போயிருந்தார். கோலைத் தட்டிக்கொண்டு நான் தனியாகவே உள்ளே போனேன். பியூன் வந்து நாற்காலி எங்கே இருக்கிறதென்று சொன்னார். மேனேஜரின் அறையில் அவரும் நானும் மட்டும். முதலில் அவருடைய நாற்காலி இப்படியும் அப்படியும் திரும்பும் சத்தம் கேட்டது. யாரிடம் பேசுவது என்று தேடினாரோ என்னவோ. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரிக்கு" என்றார். மலையாளத்தில் உட்காருங்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

விண்ணப்பத்தை வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்களாம். வாசித்தார். அடியிலிருக்கும் பொடி எழுத்துவரை வாசித்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த வாசிப்பில் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்த வரியையும் விழுங்கவில்லை. கடைசியில் இன்னொரு தாளை எடுத்தார். அது விண்ணப்பத்தோடு சேர்ந்ததல்ல. அதையும் வாசித்தார். பணம் எடுக்க நானே நேரில் வர வேண்டும், கூடவே வங்கிக்குத் தெரிந்த ஒரு சாட்சி வர வேண்டும், செக்புக் கிடையாது. இதற்குச் சம்மதம் என்று கீழே ஒப்பிட வேண்டும்.

பேனா என் கையில் இருந்தது. அதை மேசைமேல் வைத்தேன்.

"இதோட எனக்கு வேண்டாம் சார்" என்றேன்.

"இத்தனை கஷ்டப்பட்டு வந்திட்டு..."

"ஒங்க ஆபீஸ்ல டெலிபோன் எடுக்காரே, அவருக்கு உள்ள மாதிரி தாங்க. அதுக்குக் கொறஞ்சு வேண்டாம். அதுக்குக் கூடியும் வேண்டாம்."

எனக்குள் ஒரு பயம் இருந்தது. இந்தக் கதவு மறுபடி சாத்திக்கொண்டால் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று. ஆனாலும் அந்தத் தாளில் என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. சாட்சியோடு வந்து என் பணத்தைக் கேட்பதற்கு டின்னே மேல்.

மேனேஜர் போனை எடுத்தார். டயல் சுழன்று திரும்பும் சத்தத்தை வைத்தே, அது நான் பல நாள் போட்ட அதே நம்பர் என்று தெரிந்தது. மறுபக்கம் யார் எடுப்பார் என்றும் தெரியும். மேனேஜர் என் பெயரைச் சொல்லாமல், இங்கே ஒரு பார்ட்டி இருக்கிறார், மேடத்தைக் கொடுங்கள் என்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னாரோ, மேனேஜர், "ஆமாம், அவர்தான்" என்றார். பிறகு அந்த அம்மாளோடு பேசினார். சரி மேடம், சரி மேடம் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

வைத்துவிட்டு அந்தத் தனித் தாளை நான்காக மடித்தார். மடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தி, என்னைத் தொடாமல், "கொஞ்சம் கீழே, வலப்பக்கம்" என்று இடத்தைச் சொன்னார். நான் அட்டையை வைத்து ஒப்பிட்டேன். மாதிரி ஒப்பு அட்டையிலும் இட்டேன். இந்தத் தடவை அவர் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார்.

பாஸ்புக் கைக்கு வந்தபோது அதன் மேல் அட்டையைத் தடவினேன். துணி ஒட்டிய மாதிரி சொரசொரப்பாக இருந்தது. இதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். என் பெயரை வாசித்தார். வேறு பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையே, நீங்கள் மட்டும்தான், ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்றேன்.

அன்று சாயங்காலம் வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எந்தப் பிரிவு வேண்டும் என்று அவர் கேட்டார். எந்தப் பிரிவும் வேண்டாம் என்றேன். அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது. "கிடைத்ததா?" என்றார். கிடைத்தது என்றேன். "சாட்சித் தாள்?" என்றார். ஒப்பிடவில்லை என்றேன். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். தான் சேர்ந்த புதிதில் தன்னிடமும் அந்தத் தாளை நீட்டினார்கள் என்றும், அப்போது ஒப்பிட்டுவிட்டதாகவும், அதை ரத்து செய்ய இரண்டு வருஷம் ஆனதாகவும் சொன்னார். இதை அவர் முன்னால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பயந்து ஒப்பிட்டிருப்பேனோ என்று அப்போது நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் அவரும் சொல்லாமல் இருந்திருப்பார்.

அம்மாவிடம் பாஸ்புக்கைக் கொடுத்தேன். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. இரண்டு பேரும் வாசிக்க முடியாத ஒரு புத்தகத்தை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, பின்னால் அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. "எனக்க மகளுக்கு பாஸ்புக்கு உண்டு, கேட்டியா? அண்ணன் பேரு இல்ல. அவளுக்க பேரு மட்டுமாக்கும்." விளங்காது என்று நான் நினைத்திருந்த அம்மா அதைச் சொல்லும்போது எந்த வார்த்தையில் அழுத்த வேண்டுமோ அந்த வார்த்தையில்தான் அழுத்தினார்.

செக்புக் அடுத்த மாதம் வந்தது. முதல் செக்கில் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. பூத்தின் டெலிபோன் பில்லைக் கட்டினேன். நெய்யாற்றின்கரை டெலிபோன் ஆபீசில் வரிசை நீளமாக இருந்தது. பின்னால் நின்ற ஒருவர் என்னை முன்னால் விடச் சொல்லிச் சத்தம்போட்டார். வேண்டாம், நிற்கிறேன் என்றேன். என் முறை வந்ததும் செக்கை நீட்டினேன். கவுண்டர்காரர் அதை வாங்கினார், ஒன்றும் கேட்கவில்லை, ரசீதைத் தள்ளிவிட்டு, "அடுத்தாள்" என்றார்.

வெளியே அண்ணன் ஆட்டோவை நிழலில் போட்டிருந்தான்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சு. எனக்கு ஒரு போஞ்சி வேணும்."

எங்கள் பக்கம் எலுமிச்சம்பழச் சாற்றுக்குப் போஞ்சி என்றுதான் பெயர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் இரண்டு பேரும் நின்று குடித்தோம். ஐஸ் போட்டு, உப்புத் தூக்கலாக. அண்ணன் பையில் கைவிடும் சத்தம் கேட்டது. நான் அதற்குள் காசு கொடுத்துவிட்டேன்.